பத்துக்கு ஆறு

மிஷினோடு வந்த ப்ரொஃபைல்
எங்கோ ஒரு ஏசி அறையில் அளந்தது.
அந்த அறைக்குக் கச்சான் காற்று தெரியாது.
தங்கச்சிமடத்தில் ஷட்டரைத் தூக்கினால்
முதலில் உள்ளே வருவது உப்பு,
அப்புறம்தான் நான்.

சாம்பல் அடித்தால் பச்சை தட்டும்.
மாதாவின் நீல முக்காடு
கத்தரிப்பூவாக இறங்கும்.
கட்சிக்காரர் ஒருவர்
இது எங்கள் சிவப்பே இல்லை என்று
பாதிப் பணம் தந்துவிட்டுப் போனார்.

அன்றிரவுதான்
ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து கட்டங்களை
ஃப்ளெக்ஸில் அடித்துக் காயப்போட்டேன்.
அவசரப்பட்டு அளந்தால் ஈர மை பொய் சொல்லும்.
விடிந்ததும் அளவுகருவியை
வரிவரியாக இழுத்தேன்,
தூங்கும் பிள்ளையின் முதுகைத் தடவும் வேகத்தில்.
முதலில் வந்த எண் வெள்ளையைப் பற்றியது.
நாம் வெள்ளை என்று விற்கும் ஃப்ளெக்ஸ்
வெள்ளையே இல்லை,
சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி.
எந்த முகமும் அதன் மேல்தான் நின்றாக வேண்டும்.

இந்த மை, இந்த ஃப்ளெக்ஸ், இந்த ஈரக்காற்று
மூன்றும் கூடி எதுவரை போகும்?
அதற்கொரு வரைபடம், அவ்வளவுதான் ப்ரொஃபைல்.
திரையில் உருட்டிப் பார்த்தால்
ஒரு பக்கம் அமுங்கிய பனங்காய்.
அதன் தோலுக்கு வெளியே இருக்கிறது
பாம்பன் பாலத்துக்குத் தெற்கே
பகல் பதினொரு மணிக் கடல்.
என் நான்கு மையும் சேர்ந்து போனாலும்
அந்த நீலத்தைத் தொட்டதில்லை.

சகாய கித்தேரி கொண்டுவந்த படத்தில்
ஐந்து பேர், அணியத்தில் சாய்ந்தபடி.
பின்னால் அதே கடல்.
மேலே ‘விடுதலை செய்’ வர வேண்டும்.
அளவு பத்துக்கு ஆறு.

எச்சரிக்கைப் புள்ளிகள் திரையெங்கும் மினுங்கின.
“இது என்னண்ணே?”
எல்லை தாண்டிய நிறம் என்றேன்.
“தாண்டுனா?”
இரண்டு வழி இருக்கு.
எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சம் சுருக்கி
ஒட்டுமொத்தமாக உள்ளே உட்காரவைக்கலாம்.
இல்லை,
உள்ளே இருப்பதைத் தொடாமல் விட்டுவிட்டு
வெளியே போனதை மட்டும்
பிடித்து இழுத்து விளிம்பில் கட்டிப்போடலாம்.

சொல்லி முடித்த பிறகுதான்
நான் சொன்னது எனக்கே கேட்டது.
அவள் ஃபோனின் விரிசலை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பழக்கதோஷத்தில்
முகங்களை இரண்டு படி வெளுக்கப் போனேன்.
கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி
எதற்கும் அப்படித்தான் கேட்பார்கள்.
அவள் மட்டும் கையைத் தட்டிவிட்டாள்.
“கருப்பாவே போடுங்க.
சின்னவன் அந்தக் கருப்பைப் பார்த்துத்தான்
அப்பாங்குறான்.”

முகங்களைத் தொடவில்லை.
கடலை விளிம்பில் கட்டிப்போட்டேன்.
அலை, ஆழம், வெயில் பட்ட இடம்
எல்லாம் ஒரே நீலமாக அடைத்துக்கொண்டு
சுண்ணாம்புச் சுவர்போல நின்றது.
எவருக்கும் அது தெரியவில்லை.
ஐந்து பேரின் கருப்பும் ஐந்து கருப்பாக இருந்தது:
ஒருவர் காய்ந்த தேங்காய்நெற்று,
ஒருவர் ஈர மரம்,
அவள் புருஷன் கொஞ்சம் சிவந்த கருப்பு.

வெயிலில் முதலில் மஞ்சள் போகும்.
பிறகு மெஜந்தா.
மூன்று மாதத்தில் ஜெட்டிக்குப் போகும் முக்கில்
ஐந்து முகத்திலும் கடல் ஏறிவிட்டது.
நான் வண்டியை வேறு தெருவில் ஓட்டினேன்.

நேற்று வந்தாள்.
“நாலு பேரு வந்துட்டாங்கண்ணே.
இவுகளுக்கு ரெண்டாந்தடவையாம்,
தண்டனை போட்டுட்டாக.”
ஒருவரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கினேன்.
கன்னம் சதுரம் சதுரமாக உடைந்தது.
அளவைக் குறைக்கலாமா என்றேன்.
வேண்டாம் என்றாள். அதே பத்துக்கு ஆறு.

ரோல் மாறியிருக்கிறது.
இது வேறு கம்பெனி, வேறு வெள்ளை.
மறுபடி கட்டங்கள் அடிக்க வேண்டும்,
ராத்திரி முழுக்கக் காய வேண்டும்.

நாளைக்கு வாங்க என்றேன்.

“நாளைக்கா” என்று கேட்டுவிட்டு
ஃபேனுக்குக் கீழே இருந்த ஸ்டூலை இழுத்து
உட்கார்ந்துகொண்டாள்.